நிலையில் ஒரு பென்சில் கோடு

கண்ணு,

பாட்டியின் அலமாரியை முந்தாநாள்தான் திறந்தேன். துணிகளைப் பையில் கட்டிவிடலாம் என்று போனவள், உள்ளிருந்து வந்த வாசத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற புலன்களைப் போலச் சுற்றி வராமல், மூளையில் உணர்ச்சியும் நினைவும் இருக்கும் பக்கத்துக்கு வாசனை நேரே போய்விடுமாம். போகட்டும். ஒரு துணியைக்கூட எடுக்காமல் கதவைச் சாத்தினேன்.

நீ அனுப்பிய 'துக்கத்தின் ஐந்து கட்டங்கள்' படித்தேன். 1969-ல் கூப்ளர்-ராஸ் என்ற மனநல டாக்டர் அதை எழுதியதே சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்துத்தான். அதனால் நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று கேட்காதே. காலையில் அழுகை, மத்தியானம் கோபம், ராத்திரி 'மாத்திரைக்கு நேரமாச்சே' என்று பதறி எழுவது, எல்லாம் ஒரே நாளில் நடக்கிறது.

கோபம் என்றேனே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உள்ளறைக் கதவு நிலையில் எங்கள் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. மாமாவின் கோடுகள் என் தலையைத் தாண்டிப் போகின்றன. என்னுடையவை 9 வயதோடு நின்றுவிட்டன. பெண் வளர்ந்தால் என்ன, வளராவிட்டால் என்ன என்று அம்மா விட்டுவிட்டாள். நாற்பது வருஷமாக நான் சுமந்த கதை இதுதான்.

மாமாவிடம் சொன்னேன். "நீதான் நிற்கமாட்டேன்னு ஓடுவே. அம்மா பென்சிலோட பின்னாலயே வருவா" என்கிறான். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. அவன் அம்மா பிள்ளை, அவள் பக்கம்தான் பேசுவான். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். 9-க்கு ஒரு விரல் மேலே ஒரு கோடு, தொடங்கிய இடத்திலிருந்து வழுக்கி ஓரம்வரை இழுபட்டிருக்கிறது. பக்கத்தில் வயது எழுதவில்லை. என் தலை நகர்ந்ததால் வந்ததா, வெறும் கிறுக்கலா? சொல்ல வேண்டியவள் போய்விட்டாள்.

அப்புறம் உன் நினைப்பு வந்தது. உனக்கு 12 வயதில் உன் டைரியைப் படித்துவிட்டு உன்னையே அடித்தேன். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. என் ஞாபகத்தில் அது ஒரே ஒரு அடி. உன் ஞாபகத்தில் எத்தனை?

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சொல். நான் குறுக்கே பேசமாட்டேன். பேசினால், போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடு.

அம்மா