உடற்கூறு அரங்குகளில் ஃபார்மலின் நெடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஆண்டும் முதலாண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியதும், டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது இறந்தோர் உடலை அறுத்துப் படிக்கும் அரங்கில், கண்ணீர் வழிய நிற்கும் பிள்ளைகளிடம் "இரண்டு வாரத்தில் பழகிவிடும்" என்று சொல்லித் தேற்றுவது உடற்கூறியல் துறையில் வழிவழியாக வந்த வழக்கம். அத்துறையில் நெடுங்காலம் பாடம் நடத்திய நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். பழகிப்போவது மூக்கு மட்டுமே, நெடி உறைக்காமற்போன பிறகும் உடல் கெடாதிருக்கச் செலுத்தும் ஃபார்மலினிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலந்த ஃபார்மால்டிஹைடு வாயு அப்படியேதான் இருக்கிறது என்று அறிந்திருந்தும் சொன்னேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோயை முன்னிட்டு 2004-இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. 2009-இல் ரத்தப் புற்றுநோயையும் அதனுடன் இணைத்தது. ஓராண்டு மட்டும், அதுவும் வாரத்தில் சில மணி நேரம் அங்கே நிற்கும் மாணவருக்கு இந்த ஆபத்து சிறியது என்றே கருதுகிறேன். பெற்றோரைக் கலவரப்படுத்துவது என் நோக்கமன்று. ஆனால் கண்ணெரிச்சலும் தலைவலியும் தொண்டைக் கரகரப்பும் முதல் நாளே வந்துவிடுகின்றன; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கண்டுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் தொட்டிக்குள் கைவிட்டு உடல்களைத் தூக்கி மேசையில் கிடத்தும் உதவியாளர்களின் நிலையோ இன்னும் மோசம். அவர்களைப் பற்றி எவரும் பேசுவதே இல்லை.

எங்கள் அரங்கில் எக்ஸாஸ்ட் விசிறிகள் கூரையை ஒட்டி இருந்தன. உடலோ மாணவரின் இடுப்புயரத்தில் கிடக்கும். நரம்பைத் தேடி அவர் குனியும்போது முகத்துக்கும் திசுவுக்கும் ஒரு சாண் இடைவெளிதான். மேலே உறிஞ்சப்படும் ஆவி அந்த முகத்தைத் தடவியபடிதான் போயாக வேண்டும். வயிற்றறையைத் திறக்கும் நாளில், உள்ளே தேங்கிய திரவம் வெளிப்பட்டதும் அருகில் நிற்கவே முடியாது. பின்னாளில் அரங்கைப் புதுப்பித்து, ஜன்னல்களை அடைத்து, ஸ்பிளிட் ஏசி மாட்டினார்கள். அறையின் காற்றையே குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் கருவி அது; வெளிக்காற்று துளியும் வராது. வியர்வை நின்றது, நெடி கூடியது. முகக்கவசம் போட்டால் போதாதா என்பார்கள். சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் வாயுவைத் தடுக்காது.

2018-இல் கேரளத்துக்கு வந்த மீனில் ஃபார்மலின் பிடிபட்டபோது இங்கும் மீன் வாங்கவே தயங்கினோம். அதே பொருளைப் பிள்ளைகள் மூச்சில் இழுப்பது பற்றி நாம் கேட்டதில்லை. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 2008-இல், ஜப்பான், பணியிடக் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஃபார்மால்டிஹைடு 0.1 பங்குக்குள் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அதன் பிறகு அங்குள்ள பல மருத்துவப் பல்கலைக்கழகங்கள் மேசையின் விளிம்பிலேயே காற்றைக் கீழ்நோக்கி உறிஞ்சும் அமைப்பைப் பொருத்தின. அமெரிக்கப் பணியிட வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாக 0.75 பங்கு. நான் பணிபுரிந்த காலம் முழுவதும் எங்கள் அரங்கின் காற்றை ஒருவரும் ஒரு முறைகூட அளந்ததில்லை.

ஆகவே, மருத்துவக் கல்வி இயக்குநரகமும் தேசிய மருத்துவ ஆணையமும், கல்லூரி ஆய்வின்போது மேசைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நில்லாமல், வகுப்பு நடக்கும் வேளையில் மாணவரின் முக உயரத்தில் காற்றை அளந்து, அந்த அளவை அரங்கின் வாசலிலேயே எழுதிவைக்கச் செய்ய வேண்டும். உறிஞ்சும் மேசைகளுக்குப் பெருஞ்செலவாகும் என்பதை அறிவேன். அதுவரை, உடலை முந்தைய நாளே தண்ணீரில் ஊறவைத்து அலசுவதற்கும், அறுக்காத பகுதிகளை ஈரத்துணியாலும் பிளாஸ்டிக் விரிப்பாலும் மூடிவைப்பதற்கும், உதவியாளர்களுக்கு நைட்ரைல் கையுறையும் வாயு வடிகட்டியுள்ள முகக்கவசமும் வாங்கித் தருவதற்கும் எந்தக் கோப்பும் சென்னைக்குப் போய்வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்,
காரைக்குடி.