துக்கம் கேக்க போகாத எங்கப்பா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. கொரோனா அவசரநிலை முடிஞ்சுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாசமே அறிவிச்சிருச்சு, எங்க வீட்டுல இன்னும் முடியலைங்க.

எங்கப்பா சிவதாபுரம் பக்கம் கொலுசு பட்டறைல பத்த வைக்கிற வேலை பாத்தவரு. 2020ல பட்டறை மூடி வருமானம் நின்னப்ப கூட தெம்பாதான் இருந்தாரு, ஏப்ரல் 26ல இருந்து சேலத்துக்கு மூணு நாள் முழு ஊரடங்குன்னு சொன்னதும் முந்தின நாள் கடைங்கள்ல அவ்ளோ கூட்டம் வந்துச்சே, அன்னைக்கும் அவருதான் பையை தூக்கிட்டு போயி அரிசி பருப்பு வாங்கிட்டு வந்தாரு.

அவரை உடைச்சது 2021 மே. கூடவே வேலை செஞ்ச சிநேகிதரு, ரெண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்ட்டவங்க, ஆஸ்பத்திரில இறந்துட்டாரு. எழவுக்கு 20 பேருக்கு மேல கூடாதுன்னு ரூல்ஸ், அப்பாவுக்கு சுகர் வேற இருக்குன்னு நாங்களே போக விடாம கதவை சாத்திட்டோம். மூஞ்சி பாக்கல, வாய்க்கரிசி போடல, கருமாதிக்கும் போகல. அவரு அழுதும் நாங்க பாக்கல.

அதுக்கப்புறம் எந்த எழவு வீட்டுக்கும் போறதில்ல, அந்த சிநேகிதரு தெருப்பக்கமே போறதில்ல. கை கழுவ ஆரம்பிச்சா கால் மணி நேரம், ரூபா நோட்டை கூட சோப்பு தண்ணில நனைக்கிறாரு, தோலெல்லாம் வெடிச்சு ரத்தம் வருது. சொந்தக்காரங்க வயசாயிருச்சு, பிடிவாதம்னாங்க, நானும் நம்பி அவரை திட்டியிருக்கேன், அதை நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

14416க்கு போன் பண்ண சொல்லி ஒருத்தங்க சொன்னாங்க, டெலி மனாஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பொறுமையா பேசுனாங்க. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம். பயம் வந்தா கழுவுறாரு, கழுவுனா கொஞ்ச நேரம் பயம் அடங்குது, அந்த நிம்மதிக்காகவே மறுபடி மறுபடி கழுவ தோணுது, இது நோய், மாத்திரையும் பயிற்சியும் இருக்குன்னாரு. இப்ப தினமும் கை கழுவுறதை அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு தள்ளி போட பழகுறாரு, ரொம்ப சிரமப்படறாரு, ஆனா செய்யறாரு.

கொரோனா வந்த முதல் வருஷத்துலயே உலகம் பூரா பதட்டமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடிருச்சுன்னு அதே உலக சுகாதார நிறுவனம்தான் சொன்னுச்சு, அப்படின்னா சேலத்துல எத்தனை வீட்டுல இப்படி இருக்கோ.

அரசாங்கத்துகிட்ட நான் கேக்கறது ஒன்னுதாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாக்கறாங்க, நல்ல திட்டம். அவங்களுக்கே ஒரு ட்ரெய்னிங் குடுத்து, தூக்கம் வருதா, வெளிய போறீங்களா, எதுக்காவது பயப்படறீங்களான்னு கேக்க சொல்லுங்க. எங்க வீட்டுக்கு வந்த அக்கா நல்லவங்கதான், அப்பா கையை பாத்துட்டு சுகர் புண்ணான்னு கேட்டு மாத்திரை குடுத்துட்டு போனாங்க. வேற எதும் கேக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லி தரலைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சேலம்