மீதிப் பற்களிலாவது கை வைக்காதீர்கள்

அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். புதிய காட்சிக்கூடத்துக்காகத் தொல்குதிரைப் பற்களை என்ன செய்தீர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமிலத்தில் ஊறவைத்து, மெருகேற்றி, வார்னிஷ் பூசி விளக்கடியில் அடுக்கிவிட்டீர்கள். பளபளவென்றுதான் இருக்கின்றன. கிடங்கில் இருக்கும் மீதிப் பற்களில் கை வைக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கறுப்பாக இருந்ததை அழுக்கு என்று நினைத்துவிட்டீர்கள் போலும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் நிலத்தடி நீரோடு வந்து ஏறிய இரும்பும் மாங்கனீசும் தந்த நிறம் அது. அழிந்துபோன ராட்சத மெகலடான் சுறாவின் பற்கள் கறுத்திருப்பதும் இப்படி மண்ணிலிருந்து ஏறிய கனிமங்களால்தான். அவற்றை யாரும் வெளுக்கப் போடுவதில்லை. பல்லின் மேலுறையான எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். எலும்பு உளுத்துப்போன இடத்திலும் பல் தங்குவது அதனால்தான். ஆனால் அபடைட்டுக்கு அமிலம் ஆகாது, வினிகர்கூட மேற்பரப்பை அரித்துவிடும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 5தான். மெருகுப் பொடிகள் பலவும் அதைவிடக் கடினமானவை.

மெல்லும் பரப்பிலுள்ள நுண்கீறல்களைப் படிப்பது என் வேலை. விலங்கு சாவதற்கு முந்தைய நாட்களில் புல்லை மேய்ந்ததா, இலைதழையைக் கடித்ததா என்பதை அவை சொல்லும். உங்கள் அனுமதியோடு சிலிக்கோன் அச்சு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரே திசையில், சீப்பால் வாரியது மாதிரி கோடுகள். எல்லாம் மெருகேற்றச் சுழலும் உங்கள் பஃபிங் சக்கரம் போட்டவை. 'இக்குதிரை கடைசியாக மின்மோட்டாரைத் தின்றது' என்று அறிக்கை எழுதட்டுமா?

சரி, எனாமலின் உள்ளே விலங்கு தின்ற உணவையும் குடித்த நீரையும் பற்றித் துப்புத் தரும் கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளாவது (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) தப்பியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன்: பல்லின் பக்கவாட்டில் மையால் எழுதியிருந்த பதிவெண்ணும் காணோம். எந்த இடம், எந்தப் படிவு என்று தெரியாத பல்லை வைத்து என்ன பேசுவது? செல்ஃபி எடுக்கும் மேடைக்கு வரைபடம் போட்டு யோசித்த நிர்வாகம், ஆவணப் பிரிவில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! காட்சிக்குப் பளபளப்புதான் வேண்டுமென்றால் பிசினில் நகல் வார்த்து வையுங்கள், அதை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளலாம்.

கோபம் கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டது, பொறுத்தருள்க. மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: மீதிப் பற்களைப் பட்டறைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவையுங்கள். அமிலத்தொட்டியில் இறங்கியவை எவை என்ற பட்டியலையும், பழைய பதிவேட்டின் நகலையும் தந்தால், எண் இழந்தவற்றில் சிலவற்றையாவது அடையாளம் காண முயல்கிறேன்.

இப்படிக்கு,
பற்களைப் படிக்கும் ஓர் ஆய்வாளர்