வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. மழைக்காலத்தில் மாடி ஒழுகியதால் கீழே குழந்தைகள் பகுதியில் உட்கார்ந்து பேசினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

'அரியணை ஏறிய பெண்கள்' வரிசையில் ரஷ்யாவுக்கு வந்தபோது பலரும் இரண்டாம் கேத்தரினைத்தான் எதிர்பார்த்தார்கள். நாம் எடுத்துக்கொண்டது முதலாம் கேத்தரினை. ஒரு கூட்டத்தோடு முடிய வேண்டியது, மாதக்கணக்கில் நீண்டது.

1684இல் பிறந்த மார்த்தா என்ற குடியானவப் பெண் அவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, இன்றைய லாட்வியாவில் உள்ள மரியன்பர்க்கில் குளூக் என்ற பாதிரியார் வீட்டில் வளர்ந்தார். பைபிளை லாட்விய மொழியில் பெயர்த்தவர் அந்தப் பாதிரியார். அவர் வீட்டிலேயே வளர்ந்த பெண்ணுக்கு எழுதப் படிக்க யாரும் கற்றுத்தரவில்லை. நம் உறுப்பினர்களுக்கு இது ஆறவே இல்லை, எனக்கும்தான்.

1702இல் ரஷ்யப் படை ஊரைப் பிடித்தது. கைதியாகப் போனவர் தளபதி ஷெரமெத்தியெவ் வீடு, அப்புறம் ரஷ்ய மன்னர் (ஜார்) பீட்டரின் நெருங்கிய நண்பர் மென்ஷிகோவ் வீடு என்று கைமாறி, பீட்டரின் ஆசைநாயகியானார். மதம் மாறி கேத்தரின் என்று பெயர் பெற்றார். 1712இல் ஊரறியத் திருமணம் நடந்தது. 1724இல் மாஸ்கோவில் பீட்டரே தன் கையால் அவருக்கு முடிசூட்டினார்.

அழகாலும் அதிர்ஷ்டத்தாலும் மேலே வந்தவர் என்று சிலர் பேசினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பீட்டருக்கு முகம் வெட்டி இழுக்கும். அந்த நேரத்தில் கிட்டப் போகவே ஆட்கள் நடுங்குவார்கள். கேத்தரினின் குரல் கேட்டால் அடங்குவார் என்று ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மன் சிற்றரசின் அமைச்சர் பாசவிட்ஸ் எழுதியிருக்கிறார். தலையை மடியில் வைத்துக் கோதிவிட, பீட்டர் தூங்கிப்போவார். அவர் விழிக்கும்வரை இரண்டு மூன்று மணி நேரம் கேத்தரின் அசையாமல் உட்கார்ந்திருப்பார். 1711இல் துருக்கியப் படை சூழ்ந்த புரூத் நதிக்கரையிலும் உடனிருந்தார். நகைகளைக் கொடுத்து வஜீரை (துருக்கியத் தலைமை அமைச்சரை) சரிக்கட்டினார் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. முகாமில் அவர் இருந்தது உண்மை. பெற்ற பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் ஆன்னாவும் எலிசபெத்தும் மட்டுமே.

1725இல் பீட்டர் வாரிசைச் சொல்லாமலே இறந்தார். மென்ஷிகோவும் காவல் படையினரும் கேத்தரினை அரியணையில் அமர்த்தினார்கள். பீட்டர் திட்டமிட்ட அறிவியல் கழகம் எழுத்தறியாத இந்தப் பேரரசியின் காலத்தில் திறந்தது. 1727இல் காலமானார்.

ஆனால் பீட்டரின் முதல் மனைவி யூடோக்சியாவை மறந்துவிட முடியாது. 1698இல் கணவர் அவரைக் கன்னிமாடத்துக்கு அனுப்பினார். கேத்தரின் ஆட்சிக்கு வந்ததும் ஷ்லிசல்பர்க் கோட்டையில் அடைத்தார். அடிமைப்பட்டிருந்த ஒருத்தியே இன்னொருத்தியை அடைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1727இல், தன் பேரன் இரண்டாம் பீட்டர் காலத்தில்தான் யூடோக்சியாவுக்கு விடுதலை கிடைத்தது.

வரும் ஆண்டை யூடோக்சியாவிலிருந்து தொடங்கலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இந்த அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்