9,500 என்று சொல்லிச் சேர்த்தீர்கள், இப்போது 13,924 கேட்கிறீர்கள்: டே கேர் கட்டணம் பற்றி என் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வணக்கம்.

2024 ஜூன் மாதத்திலிருந்து என் மகள் உங்கள் டே கேரின் சென்னை பெரும்பாக்கம் கிளைக்கு வருகிறாள். அவளுக்கு இரண்டே கால் வயது. கட்டணம் சம்பந்தமாக சென்டர் ஹெட் மேடத்திடம் மூன்று தடவை நேரில் பேசிவிட்டேன், உங்கள் ஆப்பிலும் இரண்டு தடவை எழுதிவிட்டேன். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி வந்ததோடு சரி. அதனால் தலைமை அலுவலகத்துக்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், கடைசிவரை படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மே 27 அன்று அட்மிஷன் விசாரிக்க வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வியே, மாசம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான். அன்று சாயங்காலம் மேடம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது: "எல்லாம் சேர்த்து 9,500 மேடம், மதியச் சாப்பாடு, ஈவினிங் ஸ்நாக்ஸ் உள்பட." அதை நம்பித்தான் அட்மிஷன் ஃபீஸ் 8,000, டெபாசிட் 10,000 என்று மொத்தம் 18,000 ரூபாய் கட்டினேன். அந்தப் பணத்துக்காக அடகு வைத்த வளையலை இன்னும் மீட்கவில்லை.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் சொன்னபடி 9,500. செப்டம்பர் பில்லில் "உணவு" என்று தனியாக 1,500 வந்தது. அக்டோபரில் "செயல்பாட்டுக் கட்டணம்" 800 சேர்ந்தது, அப்புறம் எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் 18 சதவீதம் வரி என்று 2,124. ஆக 13,924. லேட் ஃபீ 1,200 தனி. அக்டோபர் ஒரு மாதத்துக்கு மட்டும் நான் உங்களுக்குக் கட்டியது 15,124 ரூபாய். நவம்பரிலும் அதே 13,924, லேட் ஃபீ 300.

மேடத்திடம் கேட்டதற்கு, நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம், மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் "கட்டணம் நிர்வாகத்தின் முடிவுக்கு ஏற்ப மாறலாம்" என்கிற மாதிரி ஒரு வரி. சரி, மாறலாம். அடுத்த கல்வியாண்டில் ஏறும், அரிசி பருப்பு விலை ஏறுகிற மாதிரி இதுவும் ஏறும் என்று நானும் எதிர்பார்த்தேன். ஆனால் டெபாசிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளை அங்கே பார்த்துக்கொள்ளும் உங்கள் அக்காக்களிடம் பழகி அழாமல் உள்ளே போக ஆரம்பித்த நாலாவது மாதம் கூட்டுவது எந்த நியாயம்? நான் இப்போது நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸ், அதற்கான ஃபீஸ், புது இடத்தில் மறுபடி அட்மிஷன் ஃபீஸ். அது உங்களுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக் கணக்கை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. நான் பெருங்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், கைக்கு 24,000 வரும். என் கணவர் லிஃப்ட் சர்வீஸ் செய்யும் கம்பெனியில் டெக்னீஷியன், 31,000. மொத்தம் 55,000. வாடகை 14,000, மெயின்டனன்ஸ் 1,500, பைக் லோன் 4,200, ஊரில் இருக்கும் மாமியாருக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் கைச்செலவுக்கும் 4,000. மிச்சம் 31,300. இதில் 9,500 டே கேருக்குப் போனால் 21,800 ரூபாயில் பால், மளிகை, கேஸ், கரண்ட் பில், பெட்ரோல், டயபர், ஆஸ்பத்திரி என்று எப்படியோ இழுத்துப் பிடித்துவிடலாம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் சேர்த்தோம். 15,124 போனால் கையில் 16,176. அக்டோபரில் மாமியாருக்கு 2,000 தான் அனுப்ப முடிந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மாத்திரை போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார் என்று நாத்தனார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வரி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பார்க்கிற வேலையே இதுதான். மழலையர் பள்ளியில் தொடங்கி மேல்நிலைப் பள்ளி வரை கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. நாங்கள் பள்ளி இல்லை, பிள்ளை பார்த்துக்கொள்ளும் சேவைதான், அதனால் வரி உண்டு என்று நீங்கள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வரி போட்டு பில் கொடுத்தால் அதில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், வரிசை எண் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த இரண்டு பில்லிலும் இரண்டுமே இல்லை. வெறும் "டாக்ஸ் 18%" என்று மட்டும் போட்டிருக்கிறது. வரி என்று சொல்லி வாங்கிய பணம் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். உங்கள் எண்ணைக் கொடுங்கள், இல்லையென்றால் அந்த 4,248 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள்.

அக்டோபர் 15, 16 இரண்டு நாளும் மழைக்காகப் பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். உங்கள் கிளையும் மூடியது, காலை 6.50-க்கு மெசேஜ் வந்தது. தண்ணீர் நிற்கிற நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று மூடினால் அது சரிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஐடி கம்பெனிக்காரர்களுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏற்பாடு இருந்தது. எங்கள் ஆபீஸில் அது கிடையாது. 20-ஆம் தேதிக்குள் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், அந்த வாரம் லீவு கேட்டால் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு நாளும் சம்பளப் பிடித்தத்தில் வீட்டில் இருந்தேன். நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் வந்த சனிக்கிழமையும் அப்படித்தான். மூன்று நாளுக்கும் உங்கள் பில்லில் உணவுக் கட்டணம் முழுசாக இருக்கிறது. மழை வந்தால் பள்ளி என்று மூடுகிறீர்கள், பில் போடும்போது பள்ளி இல்லை, சேவை நிறுவனம் என்று வரி போடுகிறீர்கள். இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்.

லேட் ஃபீ பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏழு மணிக்கு மேல் போனால் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 150 ரூபாய். உங்கள் ஊழியர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது, பெற்றோர் இஷ்டத்துக்கு வந்தால் அவர்கள்தான் அவதிப்படுவார்கள், அதனால் ஒரு விதி இருப்பதில் தப்பில்லை. ஆனால் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) இப்போது எப்படி இருக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் யாராவது மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்தீர்களா? சிறுசேரி வரைக்கும் மெட்ரோ வேலைக்காக நடு ரோட்டில் தகரத் தடுப்பு. பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர் ஜங்ஷன் வருவதற்குள் ஒரு நாள் முப்பது நிமிடம் ஆகும், இன்னொரு நாள் ஒரு மணி நேரம். அங்கே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து பெரும்பாக்கம் வர வேண்டும். பிங்க் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால் டீலக்ஸ் பஸ், ஏசி பஸ் இரண்டு மூன்றை விட்டுவிட்டு நிற்பவள் நான். இப்படி ஒரு மாதம் முழுக்க நின்று மிச்சம் பிடிப்பது உங்கள் நாலு லேட் ஃபீக்குக் காணாது. அக்டோபரிலிருந்து வேறு வழியில்லாமல் எது முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறேன்.

அக்டோபர் 29, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் செவ்வாய்க்கிழமை. ஜங்ஷனிலிருந்து ஆட்டோ நகரவே இல்லை, பாதியில் இறங்கி ஓடி வந்தேன். உள்ளே பெரிய ரூம் லைட்டை அணைத்துவிட்டார்கள். வாசல் பக்கம் செருப்பு வைக்கிற ஸ்டாண்ட் மேல் என் மகள் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், செருப்பு இரண்டும் கால் மாற்றிப் போட்டிருந்தது. பக்கத்தில் அக்கா, கையில் லேட் பிக்கப் நோட்டு. என் ஃபோனில் மணி 7.11. சுவர்க் கடிகாரத்தில் 7.17. அக்கா கடிகாரத்தைப் பார்த்து எழுதினார், எழுதும்போதே "மன்னிச்சுக்கோங்கம்மா, இந்தக் கடிகாரத்தைத்தான் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றார். அது ஆறு நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று அங்கே வருகிற எல்லாப் பெற்றோருக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். அன்று 150-க்குப் பதில் 300 ஆனது. பணத்தை விடுங்கள், பிள்ளையை விளக்கு அணைத்த வாசலில் பையோடு உட்கார வைப்பது ஏன்? அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது, அம்மா வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கே பையை எடுத்து மாட்டிக்கொள்கிறாள் என்று அக்கா சொல்கிறார்.

அக்காக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் மகள் வாயில் கடுகு பட்டால் துப்பிவிடுவாள். ஒரு அக்கா ரசம் சாதத்திலிருந்து கடுகை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கிவிட்டு ஊட்டுவதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நான்கூட வீட்டில் அவ்வளவு பொறுமையாகச் செய்வதில்லை. ஆனால் ஜூனில் பதினைந்து பதினாறு பிள்ளைகளுக்கு மூன்று அக்கா இருந்தார்கள், இப்போது இரண்டு பேர்தான். கட்டணம் ஏறியிருக்கிறது, ஆள் குறைந்திருக்கிறது. ஏறிய பணம் அவர்கள் சம்பளத்துக்குப் போனது என்று நீங்கள் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். செயல்பாட்டுக் கட்டணம் 800 வாங்கிய அக்டோபரில் நடந்தது என்ன? நவராத்திரிக்குப் பட்டுப்பாவாடையில் அனுப்பச் சொன்னீர்கள், ஃபோட்டோ எடுத்து ஆப்பில் போட்டீர்கள். பாவாடை எங்களுடையது.

வேறு வழி பார்த்துக்கொள்ளலாமே என்று மேடம் ஒரு தடவை சொன்னார், கோபமாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். பார்க்காமல் இருப்போமா? எங்கள் தெருவுக்கு அடுத்து அங்கன்வாடி இருக்கிறது, காசு கிடையாது, சாப்பாட்டோடு முட்டையும் போடுகிறார்கள், டீச்சர் தங்கமானவர். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே பிள்ளையை விட முடியாது, எனக்கு ஆபீஸ் முடிவதே ஆறு மணிக்கு. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் நாங்கள் 18 பேர். என் கணவர் சைட் சைட்டாக அலைபவர். என் அம்மா மன்னார்குடியில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் வந்து பார்த்துக்கொள்ள ஆள் கேட்டோம், 15,000-க்குக் குறைந்து யாரும் வரவில்லை. இந்தக் கணக்கை எல்லாம் பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "24-ல 15 அங்கேயே போகுதுன்னா, பேசாம வேலையை விட்டுடேன்." இரண்டு வருடம் விட்டால் மறுபடி யார் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? பிள்ளை பெற்றவளிடம் இதைச் சொல்வது எல்லோருக்கும் ரொம்பச் சுலபமாக இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு தடவை 1,500, 800 என்று ஏற்றும்போதும் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மறுபடி ஆரம்பிக்கிறது.

எனக்கு வேண்டியது இதுதான். வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்த 9,500-க்கு மேல் செப்டம்பரில் வாங்கிய 1,500, அக்டோபரிலும் நவம்பரிலும் வாங்கிய 4,424 வீதம் 8,848, ஆக மொத்தம் 10,348 ரூபாய், அதோடு அக்டோபர் 29 அன்று கடிகாரத்தால் கூடுதலாகப் போன 150. மொத்தம் 10,498. ரொக்கமாகத் தர வேண்டும் என்றில்லை, அடுத்த மாத பில்லில் கழித்தாலும் சரி. 2025 மே வரைக்கும் மாதம் எவ்வளவு என்று ஒரே தொகையாக, கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஏற்றுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள், நாங்கள் திட்டம் போட வேண்டும். டெபாசிட் எப்போது, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். கடிகாரத்தைச் சரி செய்யுங்கள், கடைசிப் பிள்ளை போகும்வரை லைட் எரியட்டும்.

15 நாளில் பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். பில்கள், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், லேட் பிக்கப் நோட்டின் ஃபோட்டோ எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். நோட்டை எனக்குக் காட்டியதற்காக அந்த அக்காவை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கையெழுத்து நான் போட்டது, அதை ஃபோட்டோ எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

மகள் திங்கட்கிழமை வழக்கம்போல வருவாள். மதியச் சாப்பாடும் சாயங்காலத்துக்குப் பழமும் நானே டப்பாவில் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன், கடுகு இல்லாமல். டிசம்பர் பில்லில் உணவுக் கட்டணம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பெரும்பாக்கம் கிளையில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா