பனிச்சறுக்கில் கையுறை தந்த அக்காவுக்கு நன்றி

சனிக்கிழமை மாலை சிங்கப்பூர் ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள ஸ்னோ சிட்டி என்ற உள்ளரங்கப் பனி விளையாட்டிடத்தில் எங்களுக்கு உதவிய அக்கா, இது உங்கள் கண்ணில் படவேண்டும். பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வெளியே நல்ல வெயில், உள்ளே உறைநிலைக்கும் கீழே. மகனுக்கு 6 வயது, மகளுக்கு 4. ரப்பர் வளையத்தில் இரண்டு முறை ஆசையாகச் சறுக்கினாள். பிறகு பனியை அள்ளி விளையாடியதில் கையுறை முழுக்க நனைந்து, விரல்நுனிகள் சிவந்து, வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவசரமாகத் தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதம்மா, தோல் புண்ணாயிடும். ஈரத்தக் கழட்டிட்டு உன் அக்குள்ல வச்சுக்கோ."

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. அதற்குள் உங்கள் பையிலிருந்து உலர்ந்த கம்பளிக் கையுறையை எடுத்து நீங்களே மாட்டிவிட்டீர்கள். என் மகன் மேலே வரிசையில் தனியாக நிற்பதையும் கவனித்து, அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தீர்கள். இதை என்னால் மறக்கவே முடியாது.

அந்தச் சிவப்புக் கையுறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். மகள் தினமும் கேட்கிறாள், "அந்த அண்ட்டி எப்பம்மா வருவாங்க?"