ஒரு புல்மேட்டையாவது விட்டு வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் இங்கிலாந்தின் குட்வுட் பழைய கார் பந்தயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். போர்க்கால விமானதளத்தைச் சுற்றிய சாலையில் 1948இல் தொடங்கி 1966இல் நின்றுபோன பந்தயம், 1998இல் ‘ரிவைவல்’ என்று மறுபடி உயிர் பெற்ற கதையை ஆசையாகப் படித்தேன். கட்டணம் அதிகம்தான், ஆனாலும் ரசிகர்கள் விரும்பித்தானே கொடுக்கிறார்கள் என்று முடித்ததுதான் உறுத்தியது.

நான் செங்குன்றத்துக்காரன். சோழவரமும் அப்படி ஒரு போர்க்கால ஓடுதளம்தான். அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய் அங்கே பந்தயம் பார்த்தவன். இப்போது சவுத்தாம்ப்டனில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகப் பழைய கார் பந்தயங்களில் கொடி காட்டும் மார்ஷல் வேலைக்குப் போகிறேன். இங்கே மார்ஷல்கள் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. காலை ஏழரைக்கு ஆரஞ்சு உடுப்போடு வளைவில் நின்றால், மழையோ வெயிலோ, கடைசிக் கார் உள்ளே போகும்வரை நகர முடியாது. கிளப் பந்தயங்களில் கார் ஓட்டுகிறவர்களும் கைக்காசைப் போட்டு, கட்டணமும் கட்டித்தான் வருகிறார்கள்.

போன வருடம் ஒரு பெரிய விழாவுக்குக் குடும்பத்தோடு பார்வையாளனாகப் போனேன். எனக்கும் மனைவிக்கும் நுழைவுச் சீட்டு மட்டும் 150 பவுண்டைத் தாண்டியது. கார் நிறுத்த, நிகழ்ச்சி நிரல் வாங்க, எல்லாவற்றுக்கும் தனிக் காசு. சரி, போகட்டும். அதற்கு முந்தின வருடம் மகள் என் தோளில் உட்கார்ந்து பார்த்த புல்மேட்டில் வெள்ளைக் கூடாரம் போட்டு, தனிச் சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் என்று கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரியவர் தன் பேரனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். பையனுக்குச் சத்தம் மட்டும்தான் கிடைத்தது. கூடாரத்தில் பாதி நாற்காலி காலி. இருந்தவர்களும் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ், காப்பீடு, பந்தயச் சாலைப் பராமரிப்பு எல்லாம் பெரிய செலவு. லாபமும் வரட்டும், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டுகிறவரும் கொடி பிடிக்கிறவரும் காசு வாங்காமல் உண்டாக்கும் காட்சியில், வேலியோரத்தைக்கூடப் பிரித்து விற்பது நியாயமா?

இங்கிலாந்தில் பிரெஸ்காட் என்ற இடத்தில், மேட்டுச் சாலையில் கார்கள் ஒவ்வொன்றாக ஏறும் பந்தயத்துக்குப் போய்ப் பாருங்கள். புகாட்டி கார் உரிமையாளர்களின் கிளப் 1937இல் வாங்கிய இடம். அங்கே கார்கள் நிற்கும் இடத்துக்குள் பார்வையாளர்களும் நடக்கலாம். பழைய இன்ஜின்களுக்குச் சிலர் இன்னும் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில்தான் ஊற்றுகிறார்கள். (காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.) இன்ஜின் சூடேறும்போது அது கருகி, இனிப்பாக ஒரு வாசனை வரும். விளக்கெண்ணெய் என்றாலே முகம் சுளித்து வளர்ந்த நான், அதற்காகவே பக்கத்தில் போய் நிற்பேன். என் மகள் அங்கே ஒரு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். காரின் சொந்தக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, கியர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். நாளைக்கு இந்த இன்ஜின்களைப் பிரித்துக் கோக்கப்போவது இப்படித் தொட்டுப் பார்த்த பிள்ளைகள்தானே?

கூடாரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் புல்மேட்டை மட்டும் பொதுச் சீட்டுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று அந்த விழாக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அப்புறமும் எழுதுவேன்.

செங்குன்றத்து வாசகர்,
சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து